கொடுமுடிக் கோகிலம் சுந்தராம்பாள் அம்மையார்

எந்த ஊர்ச் சரஸ்வதி பூசைக்குப் போனாலும், சிறுவர் மாறுவேடப் போட்டியில் ஓர் ஒளவை வந்து நிற்பதைக் காணலாம். நரைத்த முடி, நெற்றி நிறைந்த திருநீறு, வெள்ளைச் சேலை, கையிலே கோல். அதியமானோடு நட்புப் பூண்ட சங்ககால ஒளவை ஒருவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஒளவை அவருக்கு நெடுங்காலம் பிற்பட்டவர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. இவர்களுள் எவரையும் கண்டவர் நம்மிடையே இல்லை. ஆயினும் ஒளவை என்றதும் நம்மவர் மனக்கண்ணில் எழுவது ஒரே உருவந்தான். அவ்வுருவத்தை நம் நெஞ்சிலே பதித்தவர் கே. பி. சுந்தராம்பாள் என்னும் நடிகை. நம் வாலிபர் பலர் அவர் பெயரைக்கூடக் கேட்டறியாதிருக்கின்றனர். அவர் வாழ்க்கையின் பெருந்திருப்பம் ஒன்று நமது கொழும்பு நகரிலேதான் நிகழ்ந்தது என்பதோ, பெரியோருள்ளும் பலருக்குத் தெரியாது.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி, சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடிய திருத்தலம். அவ்வூரில் 1908ஆம் ஆண்டில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அம்மையார் பிறந்தார். கே. பி. என்ற முதலெழுத்துக்கள் ஊரையும் தாயார் பாலாம்பாளையும் குறிப்பன. வறுமை காரணமாகச் சிறு வயதிலேயே ஓடும் புகைவண்டியிற் பாடிக் காசு பெற்றார். அப்படிப் பாடிய ஒரு நாளில் எப். ஜி. நடேசய்யர் அக்குரலைக் கேட்டார். அவர் புகைவண்டிப் பகுதி உத்தியோகத்தர். நாடகத்தில் தீராத மோகங் கொண்டவர். திருச்சிராப்பள்ளி இரசிக ரஞ்சன சபையை நிறுவியவர். அவர் முயற்சியால் சிறுமி வேலு நாயரின் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். நல்லதங்காள் நாடகத்திற் பசியால் அழும் பிள்ளையாக அவர் தோன்றியபோது சபையோர் கண்ணீர் விட்டனர் என்பர். பசி அவருக்குப் புதிதன்று.

அக்கால மேடையின் இயல்பை இளைஞர் அறிந்துகொள்வது நன்று. ஒலிபெருக்கி கிடையாது. தகரக் கொட்டகையின் கடைசி வரிசையிலே, தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் தெளிவாய்க் கேட்கவேண்டும். ஆகவே நடிகரின் முதல் தகுதி குரல். இரண்டாவது தகுதியும் குரல். மற்றவையெல்லாம் அதன் பின்னரே. மேடையோரத்தில் ஆர்மோனியக்காரர் அமர்ந்திருப்பார். நடிகர் உச்சஸ்தாயிக்குச் செல்லச் செல்ல அவரும் விடாது தொடர்வார். அந்தப் போட்டியைக் கேட்கவே சனங்கள் விடிய விடியக் காத்திருந்தனர். பல்லாண்டுகளுக்குப் பின் திரைப்படத்தில் அம்மையார் பாடும்போதும், மைக்கு முன்னே நிற்கிறது என்பதை மறந்தவர்போலவே பாடினார். அது மேடை பழக்கிய தொண்டை.

தமிழகத்து நாடகக் கம்பெனிகள் அந்நாளில் ஈழத்துக்கு அடிக்கடி கப்பலேறின. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மாதக்கணக்கிற் கொட்டகை போட்டு நடித்துப் பொருளீட்டிச் சென்றன. அவ்வாறு வந்திருந்த சுந்தராம்பாளோடு, 1926ஆம் ஆண்டில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா வந்து சேர்ந்தார். கிட்டப்பாவின் குரலெட்டும் உயரத்தை ஆண்களில் வேறெவரும் எட்டியதில்லை என்பது அன்றைய இரசிகர் தீர்ப்பு. அவரோடு நின்று இந்தப் பெண்ணாற் பாட இயலுமா என்று பலர் ஐயுற்றனர். கொழும்பு மேடையில் ‘வள்ளி திருமணம்’ நடந்தது. வள்ளியை மணந்த பெருமான் கதிர்காமத்தில் வீற்றிருக்கிறான் என்று நம்பும் நாட்டிலே, இவர் வள்ளியாகவும் அவர் வேலனாகவும் எதிர்நின்று பாடினர். ஐயம் அன்றோடு தீர்ந்தது. ஊர் திரும்பியபின் அவர்கள் சேர்ந்து நடித்த நாடகங்களுக்கும் இசைத்தட்டுக்களுக்கும் கிடைத்த வரவேற்புக்கு அளவில்லை.

மேடையில் இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர். இவ்விடத்தில் உண்மையை மறைப்பது அழகன்று. கிட்டப்பா முன்னரே மணமானவர், சாதியாலும் வேறுபட்டவர். அவர் குடும்பத்தார் இவ்வுறவை விரும்பவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனத்தாங்கல்களும் பிரிவும் நேர்ந்தன. மதுவும் அக்கலைஞரின் உடலை அரித்தது. 1933ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி கிட்டப்பா காலமானார். அவருக்கு அப்போது வயது இருபத்தேழு, அம்மையாருக்கு இருபத்தைந்து.

அன்று தொட்டு வெள்ளைக் கதராடையே அம்மையாரின் உடையாயிற்று. இனி எந்த ஆடவனுக்கும் சோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். இதனைப் பத்தினிக் கோலம் என்று புகழ்ந்து முடித்துவிடுவோர் பலர். நான் அவ்வளவில் நிறுத்த விரும்பவில்லை. கணவனை இழந்த இளம்பெண்கள் ஆயிரமாயிரம் பேர்மீது ஊராரே வெள்ளைச் சேலையைத் திணித்த காலம் அது. அவர்கள் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. அம்மையார் நிலை வேறு. அவரை மனைவியென்றே பலர் ஒப்பாதிருந்தனர். அப்படியிருக்க, விதவைக் கோலம் பூணுவது ‘நான் அவர் மனைவியே’ என்று ஊரறியச் சொல்வதாகும். எதிர்த்து வழக்காட எவராலும் இயலாத சாட்சியம் அது.

நாடக உலகைத் துறந்து கொடுமுடியில் ஒதுங்கியிருந்தவரைப் படவுலகம் தேடிச்சென்றது. அசன்தாஸ் என்ற வடநாட்டுப் பட முதலாளி ‘நந்தனார்’ எடுக்க விரும்பினார். ஆளைத் தட்டிக் கழிப்பதற்காகவே அம்மையார் ஓர் இலட்சம் ரூபா கேட்டார் என்றும், அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் சொல்வர். அந்நாளில் இந்தியாவில் எந்த நடிகரும் பெற்றறியாத தொகை! படம் 1935இல் வெளிவந்தது. அம்மையார் ஆண்வேடத்தில் நந்தனாராகவும், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். படம் சிறப்பாக அமைந்ததென்று சொல்வதற்கில்லை. எழுத்தாளர் கல்கி அதனைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்து ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ அதனினும் மேலானது என்பதே என் கருத்தும்.

ஆனால் வேறொன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். 1935இல் நந்தனுக்காகக் கண்ணீர் வடித்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தவர்களின் ஊர்க் கோயில்களில், நந்தன் குலத்தார் நுழைய முடியாது. மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துக் கதவே 1939 யூலையிலேதான் அவர்களுக்குத் திறந்தது. நம் நாட்டின் கதை என்ன? காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்து அவர்கள் நந்தனாராகப் பாட, யாழ்ப்பாணத்துச் சனங்கள் உருகி உருகிக் கேட்டனர். அதே யாழ்ப்பாணத்தில், 1968ஆம் ஆண்டில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலில் அடியார்கள் உள்ளே செல்லப் போராட வேண்டியிருந்தது. மேடையில் நின்ற நந்தனுக்கு அழுத நாம், வாயிலில் நின்ற நந்தனுக்கு வழிவிடவில்லை. சைவவாலிபராகிய நாம் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டும், பெரியோர் பொறுத்தருள்க.

அம்மையார் ஏற்ற மற்றைய வேடங்களை நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலப்படும். 1940இல் மணிமேகலை, அவள் துறவி. 1953இல் ஒளவை, இளமையும் அழகும் வேண்டாமென்று விநாயகரிடம் முதுமையை வேண்டிப்பெற்றவளாகக் கதை சொல்லும். 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள். 1973இல் காரைக்காலம்மையார், ஊனுடை வனப்பை உதறிப் பேயுரு வேண்டியவர். சினிமா விற்கும் சரக்கு இளமையும் அழகுமே என்பதை யாவரும் அறிவர். அவ்விரண்டையும் இருபத்தைந்து வயதில் ஒதுக்கி வைத்த ஒருவரை, அதே சினிமா நாற்பதாண்டுகள் விடாமற் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நடித்த படங்கள் ஒரு டசினை ஒட்டியவை, அவ்வளவே.

‘ஒளவையார்’ எஸ். எஸ். வாசன் அவர்களின் ஜெமினி நிறுவனம் பல்லாண்டு உழைத்து எடுத்த படம். கொத்தமங்கலம் சுப்பு இயக்கியது. இரண்டு ஒளவையரை ஒருவராக்கியதும், கதைக்குக் கதை தாவுவதும் சரித்திர நோக்கிற் குறைகளே. யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியைப் பார்க்கவே பலர் இரண்டாந்தரம் போயினர். எனக்கு யானைகளைவிட அம்மையாரின் நடைதான் பெரிது. நாற்பத்தைந்து வயதானவர் கிழவியாக நடிக்கிறார் என்ற எண்ணமே பார்ப்பவருக்கு எழாது. 1965இல் ‘திருவிளையாடல்’, 1967இல் ‘கந்தன் கருணை’ ஆகிய படங்களிலும் ஒளவை என்றதும் அவரையே அழைத்தனர். வேறொருவரை எண்ணவும் துணியவில்லை.

அரசியலிலும் அவர் குரல் ஒலித்தது. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலாற் காங்கிரசு மேடைகளிற் பாடினார். தேர்தற் பிரசாரஞ் செய்தார். 1951இல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். இந்தியாவிற் சட்டமன்றம் புகுந்த முதற் சினிமாக் கலைஞர் அவரே என்பர். கொள்கையில் மாறுபட்ட கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘பூம்புகார்’ படத்தில் நடிக்கத் தயங்கியே இசைந்தார். தெய்வம் எங்கே போயிற்று என்று வினவும் ஒரு வரியைப் பாட அவர் மறுக்கவே, தெய்வம் வந்துவிட்டதாக அது மாற்றப்பட்டது என்று ஒரு செய்தி வழங்குகிறது. மறுத்தவர் உறுதியையும் மாற்றித் தந்தவர் பெருந்தன்மையையும் ஒருங்கே காட்டுவது அது.

சாண்டோ சின்னப்பா தேவரின் ‘துணைவன்’ 1969இல் வந்தது. அதிற் பாடியமைக்காக, அறுபதைக் கடந்த அம்மையாருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது. பிறர் வாயசைக்கத் திரைமறைவில் நின்று பாடுவோருக்கென்றே ஏற்பட்ட பரிசு, தன் பாட்டுக்குத் தானே வாயசைத்த பழைய மேடைக்காரிக்குப் போனது ஒரு வேடிக்கைதான்.

1980ஆம் ஆண்டில் அம்மையார் காலமானார். கிட்டப்பா மறைந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதுவரை அந்த வெள்ளையுடை மாறவில்லை.