காத்திருப்பின் விலைப்பட்டியல்: டிஸ்னி வரிசைகளின் கதை

டிஸ்னிலாண்ட் என்றால் எல்லாரும் மிக்கி மவுஸையும் அந்தக் கோட்டையையும்தான் கதைப்பார்கள். நாங்கள் கதைக்கப் போவது அங்குள்ள வரிசைகளைப் பற்றி. காலையில் உள்ளே போய் இரவு வெளியே வரும் ஒருவர் சவாரிகளில் இருப்பது கொஞ்ச நேரம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி லைனில் நிற்பது. அந்த நேரத்தை ஆருக்கு எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. அந்த வருடமே டிக்கட் புத்தகங்கள் வந்துவிட்டன. முதலில் ஏ, பி, சி என்று கூப்பன்கள், பிறகு டி, 1959இல் இ. வீதியில் ஓடும் குதிரை வண்டிக்கு ஏ போதும். மெட்டர்ஹோர்ன் மலைச் சறுக்கல், நீர்மூழ்கிக் கப்பல் போன்றவற்றுக்கு இ வேண்டும். (1983இல் விண்வெளிக்குப் போன சாலி ரைட் தன் பயணத்தை விவரிக்க எடுத்ததும் இந்த இ டிக்கட்டைத்தான். அவ்வளவு பிரபலம்.) பார்த்தால் விலைப்பட்டியல் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது வரிசையையும் ஒழுங்குபடுத்தியது. இ கூப்பன் கொஞ்சம்தான் கிடைக்கும், அதனால் ஒரே சவாரியில் திரும்பத் திரும்ப ஏற முடியாது. கையில் மிஞ்சிய ஏ, பி கூப்பன்கள் ஆக்களைக் கூட்டமில்லாத பக்கம் தள்ளிவிட்டன.

1982இல் புத்தகங்கள் ஒழிந்தன. வாசலில் ஒரே கட்டணம், உள்ளே எத்தனை தரமும் ஏறலாம். இனி இடத்தைப் பங்கிட மிஞ்சியது வரிசை மட்டும்தான். வாசல் கட்டணமே எல்லாருக்கும் எட்டுகிற ஒன்றல்ல, அதை மறக்க வேண்டாம். ஆனால் உள்ளே வந்தபின் பெரும்பாலானோர் ஒரே நாணயத்தில்தான் செலுத்தினார்கள்: நேரம்.

1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. சவாரி வாசலிலுள்ள இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைப் போட்டால் ஒரு துண்டு வரும். அதிலுள்ள ஒரு மணித்தியால இடைவெளிக்குள் திரும்பி வந்தால் குறுகிய வரிசை. இலவசம், எல்லாருக்கும் உண்டு. லைனில் நிற்பவர் கடைக்குப் போகமாட்டார், சாப்பாடு வாங்கமாட்டார் என்பதும் நிறுவனத்துக்குத் தெரியாததல்ல.

அட, நல்ல திட்டம்தானே? இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு சவாரி மணித்தியாலத்துக்கு 1,000 பேரை ஏற்றும் என்று வைப்போம். உங்களுக்கு முன்னால் 400 பேர். 24 நிமிடத்தில் உங்கள் முறை வந்துவிடும். இப்போது அதில் 800 இடங்களைத் துண்டு வைத்திருப்போருக்கு ஒதுக்குங்கள். வெறும் வரிசைக்கு மிஞ்சுவது 200. அதே 400 பேர் முன்னால் நின்றால் இரண்டு மணித்தியாலம். எண்கள் நாங்கள் எடுத்துக்கொண்டவை, ஆனால் சங்கதி உண்மை. துண்டு அடித்ததால் சவாரியில் ஒரு இருக்கையும் கூடவில்லை. ஒருவரின் காத்திருப்புக் குறைந்தால் அது இன்னொருவரின் தலையில் ஏறுகிறது. அதோடு, துண்டு எடுத்தவர் காணாமல் போகவில்லை. கையும் காலும் சும்மா இருப்பதால் அந்த இடைவெளியில் வேறொரு சவாரியின் வரிசையில் போய் நிற்கிறார். முன்பு கூட்டமே இல்லாத சவாரிக்கும் லைன் நீண்டது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் காத்திருக்கிறார்.

இலவசம் என்றாலும் சமம் இல்லை. முறை தெரிந்தவர், விடியவே வந்தவர், வீட்டாரின் சீட்டெல்லாம் வாங்கிக்கொண்டு ஓடக்கூடியவர் வென்றார். முதல்தரம் வந்தவர் நின்றார். புளோரிடாவில் 2013–14 காலத்தில் வந்த ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் இதை இன்னும் முன்னுக்குத் தள்ளியது. டிஸ்னி ஹொட்டலில் தங்குவோருக்கு 60 நாட்களுக்கு முன்பே பதிவு, மற்றவர்களுக்கு 30 நாட்கள். ஓட்டப்போட்டி பூங்காவிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். 2021 ஒக்டோபரில் ஜீனி பிளஸ், புளோரிடாவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டொலரில் தொடக்கம். மிகப் பிரபலமான சவாரிகளுக்குத் தனிக் காசு. பல வருடங்களாக இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய பிறகு விற்றார்கள். இ டிக்கட் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. இ டிக்கட் வாங்கியவரும் மற்ற எல்லாரோடும் அதே லைனில்தான் நின்றார். இப்போது விற்பது சவாரியை அல்ல, மற்றவர்களுக்கு முன்னால் போவதை.

இதில் அதிகம் அடிபட்டது மாற்றுத்திறனாளிகள். வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு முன்பு ஒரு உதவி அட்டை இருந்தது. 2013 மே மாதம் நியூயோர்க் போஸ்ட் ஒரு செய்தி வெளியிட்டது: வசதியான மன்ஹாட்டன் குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரை மணித்தியாலத்துக்கு 130 டொலருக்கு வழிகாட்டியாக அமர்த்தி, அவரோடு முன்வாசலால் போகிறார்களாம். அந்த ஒக்டோபரிலேயே பழைய அட்டை நிறுத்தப்பட்டது. புதிய முறையில், லைன் எவ்வளவோ அவ்வளவு நேரம் வெளியே காத்திருந்து திரும்பி வரவேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு "பிறகு வா" என்பதே தாங்க முடியாதது என்று சில குடும்பங்கள் நீதிமன்றம் போயின. 2020இல் புளோரிடா நீதிமன்றம் டிஸ்னி பக்கம் தீர்ப்பளித்தது.

2024இல் அந்தச் சலுகை ஓட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கே பெரும்பாலும் என்று சுருக்கப்பட்டது. அதே வருடம் ஒக்டோபரில் பிரீமியர் பாஸ் விற்பனைக்கு வந்தது. பதிவும் வேண்டாம், நேரக் கட்டுப்பாடும் வேண்டாம். புளோரிடாவின் மஜிக் கிங்டமில் அறிமுக விலை, நாளைப் பொறுத்து ஆளுக்கு 329 முதல் 449 டொலர் வரை. நுழைவுச் சீட்டு வேறாக.