பார்க்க வந்தவர்களும் பார்த்துக்கொள்ள வந்தவர்களும்: தமிழ்க் குடும்பங்களில் பேரப்பிள்ளை வளர்ப்பு

சென்னை ஃபிளாட்டில் வளரும் பிள்ளைகள் பாட்டிமாரை ஊர்ப்பெயர் சொல்லிப் பிரித்தறிகிறார்கள்: கோயம்புத்தூர் பாட்டி, திருச்சி பாட்டி. கொங்கு நாட்டில் அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள், அப்பத்தா என்றால் அப்பாவைப் பெற்றவள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா, அப்பம்மா. எந்த வழி உறவு என்று சொன்ன சொற்கள் இருந்த இடத்தில் எந்த ஊர் என்று சொல்லும் பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாட்டி வேறு ஊரில் இருந்தால்தானே அந்தப் பெயருக்குத் தேவை வரும்?

பெற்றோர் அருகில் இல்லாதபோது பேரப்பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்ற கேள்விக்கு எல்லாக் காலத்திலும் பாட்டி என்ற ஒரே விடைதான் கிடைக்கிறது. யார் யாரிடம் போனார்கள் என்று கேட்டால் காலத்துக்குக் காலம் விடை மாறுகிறது. நெடுங்காலம் பிள்ளை பாட்டியிடம் போனது. பின்னர் பாட்டி பிள்ளையிடம் போனார். இந்தத் திசைமாற்றத்துக்குப் பாசத்தைவிட ஓய்வூதியமும் விசாவும் முக்கியக் காரணங்கள் என்பது என் வாதம்.

கூட்டுக்குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் தாத்தா பாட்டி மடியில் வளர்ந்தன என்பது பாதி உண்மை. 1941-50 காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில் இருந்தது. குழந்தை இறப்புகள் அந்த எண்ணைக் கீழே இழுத்தன என்பதைக் கழித்துப் பார்த்தாலும், பேரனைப் பள்ளிக்கு அனுப்பிப் பார்க்கும் வயதை எட்டியவர்கள் இன்றைவிடக் குறைவு. செட்டிநாட்டையே எடுத்துக்கொள்வோம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் மூன்றாண்டுக் கணக்கில் ஆண்கள் போனார்கள்; பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை வீடுகளிலேயே இருந்தார்கள். மணமான மகனுக்குத் தனி அடுப்பு கொடுக்கும் ‘வேறு வைத்தல்’ அதே வீட்டுக்குள் நடந்தது. அங்கே வீட்டில் இல்லாதவர் தகப்பன் மட்டுமே. அப்பத்தாவை வளர்ப்புத் தாய் என்பதைவிட மேற்பார்வையாளர் என்பதே பொருந்தும்.

பிள்ளை உண்மையிலேயே கைமாறியது பேறுகாலத்தில்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அடுத்தது வயிற்றில் தங்கியதும் மூத்ததைக் கொஞ்ச நாள் அம்மாயியிடம் விட்டுவைப்பார்கள். அந்தக் ‘கொஞ்ச நாள்’ ஐந்தாம் வகுப்புவரை நீண்ட குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

ஓய்வுபெற்ற தாத்தா என்பவர் இந்தக் கதைக்குள் பின்னால் வந்து சேர்ந்தவர். விவசாயிக்கு ஓய்வு வயது கிடையாது. அரசு ஊழியருக்கு 55 என்று காலனி அரசின் விதி வரம்பு கட்டியது. மத்திய அரசு அதை 1962-இல் 58 ஆகவும் 1998-இல் 60 ஆகவும் உயர்த்தியது. தமிழ்நாடு 2020-இல் 59-க்கும் 2021-இல் 60-க்கும் போனது. ஒருநாள் சாயங்காலம் மாலையும் சால்வையுமாக வீடு திரும்புகிறவருக்கு மறுநாள் முதல் பகல் முழுக்க ஓய்வு, மாதாமாதம் பணம். மகன் கையை எதிர்பார்க்காத தாத்தா இப்படித்தான் உருவானார். ரயில்வேயிலும் வங்கியிலும் டிரான்ஸ்ஃபருக்கு மேல் டிரான்ஸ்ஃபர் வாங்கிய பெற்றோர், படிப்பு கெடக்கூடாதென்று பிள்ளையை அவரிடம் விட்டார்கள். ஊர்ப்பெயர்ப் பாட்டிகள் பெருகியது அப்போதுதான் என்று கருதுகிறேன்.

மகளும் மருமகளும் நகரத்தில் வேலைக்குப் போகத் தொடங்கியதும் திசை திரும்பியது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 12 வாரம் விடுப்பு தந்தது. 2017-இல் அது 26 வாரமானது. 27-ஆவது வாரத்துக்கு 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது அதே திருத்தம். குடும்பங்களோ ஊர்வீட்டைப் பூட்டிவிட்டுப் பாட்டியைப் பேருந்தில் ஏற்றின. கிடைத்த ஒரு பாட்டிக்கு இரண்டு மகன்களின் வீடுகளும் போட்டியிட்ட பூசல்கள் தனி ஆய்வுக்குரியவை.

பென்ஷன் இல்லாதவர்களிடம் திசை மாறவில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் பிள்ளைகளை இன்றும் கிராமத்துப் பாட்டியிடம் விட்டுப் போகிறார்கள். 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கி 2023-இல் 1,200 ரூபாயை எட்டிய முதியோர் உதவித்தொகை ஆதரவற்றோருக்கானது. அதை வாங்குகிற கிழவியே இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு ஆதரவாக இருப்பதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை.

கேட்ட அரசு ஒன்று உண்டு. இலங்கையில் 1970-களின் இறுதியிலிருந்து பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்களும் அவர்களில் உண்டு. தோட்டத்தில் தாய் கொழுந்து பறிக்கும் நேரத்துக்குப் ‘பிள்ளை மடுவம்’ என்ற காப்பகம் இருந்தது. அது பகலுக்கு மட்டும்தான். இரண்டு வருட ஒப்பந்தத்துக்குப் பாட்டிதான். செக்ரோல் என்ற தோட்டத் தொழிலாளர் பதிவேட்டிலிருந்து பேர் நீங்கிய அந்த மூதாட்டி, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் (தொடர்வீட்டு அறையில்) பேரப்பிள்ளைகளோடு இருந்துகொண்டு, முடிந்த நாளில் கைக்காசுக்குக் கொழுந்தும் பறித்தார். ஓய்வு என்ற சொல் இங்கே ஒட்டவில்லை. 2013-இல் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது. அப்போதைய விதிப்படி ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியவில்லை. மூத்த பிள்ளைகளை யார் பராமரிப்பார் என்று காட்ட வேண்டியிருந்தது. பாட்டி அரசாங்கத் தாளில் ஏறினார். ஆனால் மகளின் பயணத்துக்கு ஒரு தகுதிச் சான்றாக மட்டுமே.

அமெரிக்கக் கிளை வேறு விதம். 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் எச்-1பி விசாவைக் கொண்டுவந்தது. 2001 முதல் 2003 வரை அதன் ஆண்டு வரம்பு 1,95,000. அங்கே 1993-இன் கூட்டாட்சிச் சட்டம் பேறுகாலத்துக்குத் தருவது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல். பார்வையாளர் விசாவில் வரும் பெற்றோருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம். இந்த இரண்டு எண்களையும் கூட்டிக் கழித்து ஒரு முறையையே வகுத்துக்கொண்டார்கள்: பிரசவத்துக்கு முன் பெண்ணின் பெற்றோர், அவர்கள் திரும்பும் வாரத்தில் சம்பந்தி. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வந்தது போய், தாய்வீடே 23 கிலோப் பெட்டிகளில் அடங்கிப் பெண்ணிடம் போயிற்று. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், உரைகல், சலித்த சத்துமாவு, மடித்த பழைய பருத்திப் புடவைகள். சொந்தப் பிள்ளையைத் தூக்கிப் பழகாத தாத்தா, வண்டி ஓட்டத் தெரியாத ஊரில் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு நூலகம்வரை நடக்கிறார். பேரன் வளர்ப்பில் ஆண் கை பட்டதே இந்தக் கட்டத்தின் பெரிய புதுமை என்பேன்.

நாட்காட்டியும் குறுக்கே வரும். மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும். 2014-இல் அது மின்னணு முறைக்கு வரும்வரை, பேரனின் முதல் பிறந்தநாளா நவம்பரா என்று பயணச்சீட்டுக்கு நாள் குறிக்கையில் பேச்சு எழும்.

பாட்டியின் உழைப்புக்குப் பிரிட்டன் 2011 முதல் தேசியக் காப்பீட்டுக் கணக்கில் வரவு வைக்கிறது. சிங்கப்பூர் 3,000 வெள்ளி வரிக்கழிவு தருகிறது. அது போவது வேலைக்குப் போகும் தாயின் கணக்குக்கு. கனடா 2011-இல் தொடங்கிய ‘சூப்பர் விசா’வில் முதலில் இரண்டு ஆண்டும், 2022 முதல் ஒரே வருகையில் ஐந்து ஆண்டும் தங்க விட்டது. இந்தியாவின் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பேரப்பிள்ளைகளையும் பொறுப்பாளிகள் ஆக்குகிறது. அவர்களை வளர்த்த ஆண்டுகள் அதில் எங்கும் கணக்கில் இல்லை.

அமெரிக்க விமான நிலையத்தில் அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார். கிளம்புவதற்கு முன்பே மகள் தொலைபேசியில் பாடம் சொல்லிக் கொடுத்திருப்பாள்: “பேரனைப் பார்க்க வந்தோம்னு சொல்லுங்கப்பா. பார்த்துக்க வந்தோம்னு சொல்லிடாதீங்க.” தாத்தா வரிசையில் நிற்கும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.