காசம் நீங்கியும் இளைப்பு ஏன்?



குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில், பால்வெட்டிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "வாத்தியாரே, வாலிபத்தில் எனக்குக் காசம் வந்தது. மருந்தை முழுக்கச் சாப்பிட்டேன். சளியில் கிருமி இல்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஏன் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது?"

இதற்கு விடை சொல்லக் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

காசம் பரம்பரையாக வருவது என்றே நம் முன்னோரில் பலர் நம்பினர். அது கிருமியால் பரவும் நோய் என்று ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1882 மார்ச் 24ஆம் நாள் அறிவித்தார். ஆனால் அக்கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1943இல் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியசிட் மாத்திரை வந்தது.

மருந்து வந்தும் ஒரு சிக்கல் இருந்தது. காச நோயாளி மாதக்கணக்கில் மருத்துவமனையில் படுத்து, நல்ல காற்றும் சத்துணவும் பெறவேண்டும் என்பதே அன்றைய வழக்கம். ஏழைக்கு அது எட்டுமா? 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் மருத்துவமனையில் தங்கினர். மற்றவர் நெருக்கமான தம் வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. ஒழுங்காக விழுங்கிய மருந்துதான் அவர்களைக் காப்பாற்றியது. உலகமே பின்பற்றிய பாடம் இது.

நம் நாட்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961இல் தொடங்கியது. பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. ஊசி போடுவதும், சளியைச் சோதித்து இலவசமாக மருந்து கொடுப்பதும் பரவின. முன்பு இளமையிலேயே மாண்டிருக்கக்கூடிய பலர் பிழைத்து முதுமை கண்டார்கள்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். பால் வெட்டுபவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டுவிட்டால் என்னவாகும்? காயம் ஆறும், ஆனால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். மறுபடி அங்கே சீராக வெட்ட முடியாது. நுரையீரலும் அப்படித்தான். கிருமி அரித்த இடத்தை உடல் தழும்பால் மூடுகிறது. தழும்பு பஞ்சுபோல் விரியாது. அது பக்கத்து மூச்சுக்குழல்களை இழுத்துக் கோணலாக்கும். அங்கே சளி தேங்கும். கிருமி போய்விட்டது, தழும்பு போகவில்லை. பெரியவரின் இளைப்புக்கு இது முக்கியமான காரணமாக இருக்கலாம். இளமையில் வந்த தொற்றுநோய் முதுமையில் நாட்பட்ட நோயாக நிற்பது இவ்வாறுதான். குழந்தைப் பருவத்தில் கடுமையாக வந்த தட்டம்மை, கக்குவான், நிமோனியாவும் இதேபோல் வடு வைக்கக்கூடும். ஆகவே தடுப்பூசி இன்றைய காய்ச்சலை மட்டுமல்ல, ஐம்பது வயது இளைப்பையும் தடுக்கிறது.

ஆனால் தொற்றுநோயை அடக்கினால் மட்டும் போதாது. சுருட்டும் சிகரெட்டும் அடுப்புப் புகையும் கிருமி தொடாத நுரையீரலையும் கெடுக்கும். புகைப்பவருக்குக் காசம் வரும் வாய்ப்பும் அதிகம். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை போகின்றன.

காசம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். இன்றும் மலேசியாவில் ஆண்டுதோறும் 20,000 பேருக்கு மேல் இந்நோய் காணப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், பெண் பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்களோ என்று மறைக்காமல், கிளினிக்கில் சளியைச் சோதியுங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் முடிந்தது என்று சொல்லும்வரை சாப்பிடுங்கள். முந்திக் கண்டால் தழும்பு சிறிது, பிந்தினால் பெரிது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "என் பேரன் ஒரு மாதமாக இருமுகிறான், வாத்தியாரே" என்றார். மறுநாள் காலையே இருவரும் குளுவாங்குக்குப் பேருந்து ஏறினார்கள்.