காற்றை மருந்தெனக் கொண்ட கடற்கரை

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால், ஒடுங்கிய நீரிணையொன்றினாற் பிரிக்கப்பட்டுக் கிடப்பது வைற் தீவு. அத்தீவின் தெற்கோரத்தில், வென்ற்னர் என்னும் பட்டினத்தை அடுத்து, ஏறத்தாழ 22 ஏக்கர் பரப்பில் ஒரு தாவரவியற் பூங்கா அமைந்திருக்கின்றது. குளிர்நாடெனப் பெயர்பெற்ற இங்கிலாந்திலே பனையினங்கள் கண்ணாடி மனையின் காவலின்றித் திறந்த வெளியில் நிற்பதைக் காண்போர் வியப்புறுவர். அப்பூங்காவின் வரலாறோ சயரோகிகளிடமிருந்து தொடங்குகின்றது.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். அக்கரையில் மேலே சுண்ணப்பாறையும் மணற்பாறையும் உள. அவற்றின் அடியிலே வழுக்குந் தன்மையுள்ள களிமண் படிந்துள்ளது. மழைநீர் ஊறிக் களிமண் நெகிழுந்தோறும் மேற்பாறை கடலை நோக்கிச் சரிந்தது. நெடுங்காலம் நிகழ்ந்த இச்சரிவுகளால், குன்றுக்கும் கடலுக்கும் நடுவே படிபோன்றதொரு நிலம் உண்டாயிற்று. வடக்கே குன்றுகள் மதிலென நின்று, தமிழர் வாடையென வழங்கும் குளிர்காற்றைத் தடுக்கின்றன. அவற்றுள் உயர்ந்ததாகிய சென் பொனிபேஸ் குன்று 241 மீற்றர் உயரமுடையது. மாரிக்காலத்துத் தாழ்ந்த வெயிலும் தெற்கு நோக்கிய சரிவில் நன்கு விழுகின்றது. பகலில் பாறைகள் ஏற்கும் வெப்பம் இரவில் மெல்ல வெளிப்படுகின்றது. மெதுவாகக் குளிரும் கடலும் துணைசெய்கின்றது. ஆதலால் அங்கே கடும் உறைபனி அரிது.

19ஆம் நூற்றாண்டில் சயரோகத்துக்கு மருந்து இருக்கவில்லை. நல்ல காற்றை நாடிச் செல்லுமாறு கூறுவதே வைத்தியர் பலரின் அறிவுரையாயிருந்தது. பின்னர் விக்ரோறியா மகாராணியின் வைத்தியராக விளங்கிய சேர் ஜேம்ஸ் கிளாக், 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் இக்கரையின் காலநிலையைப் புகழ்ந்தெழுதினார். அதன்பின் சிற்றூராயிருந்த வென்ற்னர் நோயாளர் தங்கும் பட்டினமாக வளர்ந்தது. மூச்சுநோயால் வருந்திய கார்ல் மார்க்ஸ் தம் வாழ்வின் இறுதி இரு மாரிக்காலங்களிலும் அங்கே தங்கினார். 1883 ஜனவரியில் மூத்த மகள் இறந்த செய்தி கேட்டு இலண்டனுக்குத் திரும்பிய அவர், அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மறைந்தார்.

ஆதர் ஹில் ஹசல் என்னும் வைத்தியர் நுண்ணோக்கியைக் கொண்டு உணவுப் பொருள்களிற் கலக்கப்பட்ட கலப்படங்களை வெளிப்படுத்திப் புகழ்பெற்றவர். நுரையீரல் நோயுற்ற அவர் 1866இல் வென்ற்னருக்கு வந்து உடல் தேறினார். தமக்குக் கிடைத்த நலம் பொருளற்றவர்க்கும் கிட்டவேண்டுமென விரும்பி, மார்புநோய் வைத்தியசாலையொன்றை நிறுவ முன்னின்றார். அது 1869இல் அமைந்தது. நோயாளர் பலரை ஒரே கூடத்திற் கிடத்தாது, ஒவ்வொருவருக்கும் தெற்கு நோக்கிய தனியறை அளித்தமை அதன் சிறப்பாகும்.

1882இல் ஜேர்மனியரான றொபேட் கொக், சயரோகத்தை விளைவிப்பது ஒரு நுண்கிருமியே எனக் காட்டினார். சாயமூட்டும் புதிய முறையால் அவர் அக்கிருமியைப் புலப்படச் செய்தார். ஹசல் தம் நுண்ணோக்கியாற் காணாது விட்ட பகைவன் இதுவே. இளவெயிலும் தூய காற்றும் கிருமியைக் கொல்லும் மருந்தல்ல என்பது இதனால் விளங்கும். எனினும், நோயாளரைத் தனித்தனி அறைகளில் வைத்த முறை, தொற்றைப் பற்றிய அறிவு தெளிவுறுமுன்னரே அத்தொற்றைத் தணிக்க உதவுவதாய் அமைந்தது. ஓய்வும் பராமரிப்பும் வறியோர்க்குப் பெரும் ஆறுதலளித்தன.

1943இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டறியப்பட்டது. அதனைத் தொடர்ந்து வேறு மருந்துகளும் வந்தன. காற்றை நாடி வருவோர் தொகை குறைந்தது. 1964இல் வைத்தியசாலை மூடப்பட்டது. 1969இல் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ஒரு மருத்துவ நிலையம் தேவையற்றுப் போவதைக் காட்டிலும் அதற்கு உயர்ந்த முடிவு வேறில்லை.

மனிதர் விட்டுச் சென்ற அவ்விடத்திலே, 1970இல் சேர் ஹரல்ட் ஹிலியர் என்னும் தாவர அறிஞரின் முயற்சியால் பூங்கா உருவாயிற்று. நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, மத்தியதரைக் கடற்பகுதி முதலிய இடங்களின் தாவரங்கள் அங்கே வளர்கின்றன. கனேரித் தீவுகளுக்குரிய எக்கியம், இரண்டாள் உயரத்துக்கும் மேலாகப் பூங்கதிர் விடுத்து, தானே விதை சிந்திப் பரவுகின்றது. ஆயினும் குன்றுகள் காப்பது வடபுறத்தை மாத்திரமே. உப்புக்காற்றும் புயலும் தெற்கிலிருந்து வருவன. 1987 ஒக்டோபர்ப் பெரும்புயல் மரங்களை வீழ்த்தியபின், பூங்கா மீண்டும் திருத்தியமைக்கப்பட்டது.

ஹசல் தாம் தேறியதை வைத்துப் பிறரும் தேறுவரென எண்ணினார். ஒருவர் பெற்ற நலத்திலிருந்து யாவருக்கும் பொதுவான விதியை வகுத்தல் அறிவியலுக்குப் போதாது. ஆனால் அவ்வெண்ணமே ஏழை நோயாளிக்குச் சாளரமுள்ள அறையொன்றை அளித்தது. வைத்தியசாலை மறைந்தபின் தாவரங்களுக்கு உறைவிடமாக ஒரு நிலத்தையும் விட்டுச் சென்றது. நோயைத் தீர்க்க மாட்டாத அக்காற்றே இன்று தொலைநாட்டுப் பனைகளை வாழ வைக்கின்றது.