முத்துப் பையும் நுரையீரலும்

எங்க ஊரில் முத்துப் பேச்சை எடுத்தால் மார்க்கோ போலோ வந்துவிடுவார். அவர் எழுதிய ‘காயல்’ காயல்பட்டினமா, பழையகாயலா என்ற சண்டை கால்டுவெல் காலத்திலிருந்து ஓடுகிறது. ஓடட்டும். எனக்கு முத்தைவிட, கல்லைத் துணைகொண்டு கடலடிக்கு இறங்கிய குளியாளிகளின் நுரையீரல்மேல்தான் ஆர்வம். ஒரே மூச்சில் சிப்பி அள்ளி மேலே வரணும். 1961இல் தூத்துக்குடிப் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது.

1973இல் வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சுவாமி நம் கடல்சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். ஓட்டைச் சுரக்கும் சதைமடிப்பை ஒரு சிப்பியிலிருந்து துண்டு வெட்டி, சிறு மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைப்பார்கள். துண்டின் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாகும். அந்தப் பைதான் முத்தைச் சுரக்கிறது. ஜப்பானியர்களுக்கு முன்பே தெரிந்த வித்தைதான். ஆனாலும் வெட்டுப்பட்ட திசு தன் வேலையை மறக்காமல் இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். பிறகு தூத்துக்குடியிலேயே அந்தச் சதையைச் சிப்பி இல்லாமல், ஆய்வகத் தட்டிலும் வளர்த்தார்கள்.

எனக்கு மூத்தவன் ஒருத்தன் ஏழாம் மாசத்திலேயே பிறந்து, இரண்டு நாள் இருந்தான். “மூச்சு பத்தல” என்பதற்குமேல் உம்மா சொன்னதில்லை. காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருள், குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் போதுமான அளவு சுரந்திருக்காது. இதையெல்லாம் எலியை வைத்துப் படிக்கலாம், ஓரளவுக்கு. எலிக்குட்டிக்கு முதிர்ந்த காற்றறைகள் பிறந்த பிறகுதான் உருவாகின்றன. மனிதக் குழந்தைக்குக் கருப்பையின் கடைசி வாரங்களிலேயே தொடங்கிவிடும். கருப்பைக்குள் எட்டிப் பார்க்கவும் முடியாது.

அதனால்தான் ஆர்கனாய்டு. 2015இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஸ்பென்ஸ் குழு, மனிதக் குருத்தணுக்களுக்குக் கரு வளரும் வரிசையிலேயே வேதிச் சமிக்ஞைகள் கொடுத்தது. தட்டில் குட்டிக் குட்டி மூச்சுக்குழல்கள் உருவாயின. ஆனால் அவை சிசுவின் நுரையீரல் பருவத்தைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு, மெல்லிய சாரம் ஒன்றில் ஏற்றி எலியின் உடம்புக்குள் வைத்த பிறகுதான், பெரியவர்களின் மூச்சுக்குழல் போன்ற அமைப்பு வந்தது. சிப்பிக்குள் துண்டு வைத்த கதைதான்!

உம்மாவிடம் இதைச் சொன்னேன். “அது மூச்சு விடுமா?” என்று கேட்டார்.

விடாது, உம்மா. தட்டில் இருக்கிறதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, காற்றும் உள்ளே போய் வராது. எந்தச் செல் எப்போது எதுவாக மாறுகிறது என்று மட்டும் பார்க்கலாம்.

“ஏழாம் மாசத்துல என்னவா இருக்கும்னு தெரியுமா?” என்றார்.