செடி, மாடு, கோழி: ஒரு பெயரின் பயணம்

விளக்கணைத்த பண்ணைக் கொட்டகைக்குள் இரவில் அசையாமல் நின்று காதுகொடுத்தால், நோய்கண்ட கோழிகளின் மூச்சில் கரகரவென்று ஓர் இழுப்பு கேட்கும். பண்ணைக்காரர்கள் இதை ‘சி.ஆர்.டி.’ என்பார்கள். 1943-ல் அமெரிக்காவில் டெலப்ளேன், ஸ்டூவர்ட் என்ற இருவர் ‘நாட்பட்ட சுவாச நோய்’ என்ற பொருளில் இட்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. கோழி படும் பாட்டை அந்தப் பெயர் சொன்னது. நோய் எதனால் வந்தது என்பதைச் சொல்லவில்லை.

காரணமான பாக்டீரியாவுக்கு மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் என்று பெயர். 1960-ல் எட்வர்டும் கனரெக்கும் வைத்தது. பின்பாதி எளிது: ‘காலுஸ்’ என்றால் லத்தீனில் சேவல், ‘செப்டிகம்’ அழுகச் செய்வது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முன்பாதிக்குத்தான் நீண்ட கதை இருக்கிறது. ‘மைக்கேஸ்’ கிரேக்கத்தில் காளான், ‘பிளாஸ்மா’ உருவாக்கப்பட்டது. ஆனால் இந்த உயிர் காளானே அல்ல.

இந்தச் சொல்லை 1889-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் எழுதினார். செடியின் செல்லுக்குள் நுண்ணுயிர் ஊடுருவி, உள்ளிருக்கும் உயிர்ச்சாறு மாறிப்போன நிலைக்கு அவர் இட்ட பெயர் அது. அப்போது அதில் கோழியும் இல்லை, மாடும் இல்லை. மாடு பின்னால் வந்தது. மாடுகளைக் கொன்று குவித்த நுரையீரல் நோயின் கிருமியை 1898-ல் பாரிஸில் நோக்கார், ரூ ஆகியோர் வளர்த்துக் காட்டியிருந்தார்கள். 1929-ல் போலந்தின் யூலியன் நோவாக் (1922-ல் சில மாதங்கள் அந்நாட்டின் பிரதமராக இருந்தவர்) அந்தக் கிருமியின் கிளைத்த இழைகளில் காளானின் சாயலைக் கண்டு, அதற்கு மைக்கோபிளாஸ்மா என்று பெயர் வைத்தார்.

அந்தப் பெயர் உடனே நிலைக்கவில்லை. அதன் உறவுக் கிருமிகள் ஒவ்வொன்றாக வெவ்வேறு உயிர்களில் அகப்பட்டபோது, அவற்றைப் பல ஆண்டுகள் ‘மாட்டு நுரையீரல் நோய்க்கிருமி போன்றவை’ என்றே அழைத்தார்கள். கோழியின் மூச்சுக்குழாயில் இருந்ததும் அவர்களுக்கு மாட்டுக் கிருமி ‘போன்றது’தான். 1967-ல் எட்வர்டும் ஃபிராய்ண்ட்டும் இந்தக் கூட்டம் முழுவதற்கும் ‘மென்தோலிகள்’ என்று பொருள்படும் மோலிக்யூட்ஸ் என்ற வகுப்புப் பெயரைத் தந்தார்கள். இவ்வரிசையில் உண்மைக்கு மிக நெருங்கிய பெயர் அதுவே என்பேன். இவற்றுக்குச் செல்சுவர் கிடையாது. சுவரைத் தாக்கும் பென்சிலின் இவற்றிடம் தோற்பது அதனால்தான். மற்ற மருந்துகள் நோயை அடக்கினாலும், முட்டை வழியே கிருமி குஞ்சுக்கும் போய்விடும். அதனால்தான் தடுப்பு மருந்து தேவைப்பட்டது.

தடுப்பு மருந்தைக் குறிக்கும் ‘வாக்சின்’ என்ற சொல்லும் மாட்டுத் தொழுவத்தில் பிறந்ததே. ‘வாக்கா’ லத்தீனில் பசு. 1798-ல் ஜென்னர் எழுதிய மாட்டம்மைக்கான பெயரிலிருந்து அது கிளைத்தது. பாஸ்டர் வலுவிழக்கச் செய்த பாக்டீரியாவைக் கொண்டு கோழிகளைக் காலராவிலிருந்து காத்த பிறகு, 1881-ல் லண்டன் மாநாட்டில், ஜென்னரின் நினைவாக இச்சொல்லை எல்லா நோய்த் தடுப்புக்கும் விரிக்கச் சொன்னார். பசுவின் பெயர் கோழிக்கு உரியதானது அப்படித்தான்.

ஆக, கிருமியின் பெயரும் மருந்தின் பெயரும் மாட்டைத் தாண்டித்தான் கோழியிடம் வந்தன. இந்த நோய்க்கான உயிருள்ள தடுப்பு மருந்துகளில் ஒன்றின் பெயர்தான் கோழியின் உடம்பை அளந்து எழுந்தது: ‘டி.எஸ்.-11’. ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் ஆய்வாளர்கள் அந்நாட்டுக் கோழிகளில் கிடைத்த ஒரு திரிபை வேதிப்பொருளால் மாற்றி உருவாக்கியது அது. ‘டி.எஸ்.’ என்பது ‘வெப்பத்துக்கு உணர்வுள்ளது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 33 டிகிரி செல்சியஸில் நன்கு வளரும், 39.5 டிகிரியில் வளர்ச்சி தடைப்படும். கோழியின் உள்ளுடம்பு ஏறத்தாழ 41 டிகிரி. வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்திருக்கும் மேல் மூச்சுவழியில் இது குடியேறிக் காவலைப் பழக்கும். உள்ளே இறங்கிப் பெருகச் சூடு விடாது.

இதே வேலைக்கு முன்பே வந்த ‘எஃப்’ திரிபின் பெயர் இப்படி எதையும் சொல்வதில்லை. கோழியிடம் மென்மையாக இருக்கும் அது, வான்கோழியை நோயில் தள்ளக்கூடியது. அந்த எச்சரிக்கை எஃப் என்ற எழுத்துக்குள் இல்லை.

தமிழில் இவை எல்லாமே ‘தடுப்பூசி’தான். ஆனால் டி.எஸ்.-11-ஐ ஊசியால் குத்துவதில்லை. உறைந்த மருந்தை உருக்கி, கோழியைப் பிடித்து, கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள். கோழி இமைக்கும், சொட்டு கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கும்.