தொட்டில் கயிறும் தீப்பெட்டி ஆபீஸும்

போன வாரம் என் மருமகளுக்குக் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், வார் வைத்துத் தைத்த ஒரு துணிப்பை. மூன்று மாதப் பேரனை அதில் வைத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அவள் பாட்டுக்குத் துணி மடிக்கிறாள். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மதினி, "என்ன டீச்சர், உங்க வீட்லயும் ஊசிமணி பாசிமணிக்காரவுக மாதிரி கட்ட ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நம் பக்கத்தில் பிள்ளையைத் துணியால் உடம்போடு கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர்கள் நரிக்குறவர் பெண்கள். தோளிலிருந்து குறுக்கே தொங்கும் துணிக்குள் பிள்ளை தூங்கும், கை மணி கோக்கும். நாயக்கர் காலக் கோயில் மண்டபங்களில் கூடையும் குழந்தையுமாக நிற்கும் குறத்தி சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். (அந்தக் குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவேண்டாம்.) ஜான்சி ராணி முதுகில் பிள்ளையைக் கட்டிக் குதிரையேறும் சிலை எல்லோருக்கும் தெரியும். 1853இல் தத்தெடுத்த அந்தப் பையனுக்கு 1858இல் எட்டு ஒன்பது வயசு இருக்கும். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் வாடிவிடும்.

மற்ற நாம் எல்லாம் பிள்ளையை இடுப்பில் வைத்தோம். தெற்கே ஒக்கல் என்பார்கள். இடுப்பில் வைத்தால் ஒரு கை போய்விடும். இரண்டு கைக்கும் வேலை வந்தால் தொட்டில்தான். கரிசக்காட்டில் பருத்தி எடுக்கப் போனவர்கள் வேப்பமரக் கிளையில் பழைய சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டார்கள். பசித்து அழுதால் நாலு எட்டு நடந்து வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதே சேலைதான். அவர்கள் உடம்பில் கட்டினார்கள், நாம் மரத்தில் கட்டினோம்.

அந்த நாலு எட்டு தூரத்தை மாற்றியது தீப்பெட்டி. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து, 1923இல் இங்கே ஆரம்பித்தார்கள். மழை இல்லாத பூமிக்கு அது பெரிய கொடை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், எங்கள் வீட்டு உலையும் அதில்தான் கொதித்தது. ஆனால் கட்டை அடுக்குவதற்கு இரண்டு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும். எத்தனை கட்டையோ அத்தனை கூலி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா?

கைப்பிள்ளை உள்ளவர்கள் வீட்டிலேயே பெட்டி ஒட்டினார்கள். என் அம்மாவும் ஒட்டினார். விட்டத்தில் தம்பியின் தொட்டில், தொட்டிலிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனி அம்மாவின் கால் கட்டைவிரலில். கை பசையில், கால் தாலாட்டில். சிறுவயதில் அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

பட்டாசு வந்தபிறகு நிலைமை வேறு. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தன, உரிமம் வாங்கித்தான் தொழில் செய்யவேண்டும் என்றானது. இப்போதைய 2008ஆம் ஆண்டு விதிகளில், உரிமம் பெற்ற வளாகத்துக்குள் 18 வயது நிரம்பாத யாரும் நுழையவே கூடாது. மிகச் சரியான விதி. மருந்து இருக்கும் இடத்தில் பச்சைப்பிள்ளைக்கு என்ன வேலை? இன்னொன்றும் சொல்லவேண்டும். நைலக்ஸ், பாலியஸ்டர் உரசினால் பொறி வரும் என்பதால், உள்ளே போகிறவர்கள் பருத்திதான் உடுத்தவேண்டும். பிள்ளையைக் கட்டத் தோதான பருத்திச் சேலை உள்ளே போனது. பிள்ளை வெளியே நின்றது.

அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது? சட்டத்தில் பதில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976 திருத்தத்தில் அது 30 ஆனது. இருபத்தைந்து பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸுக்கும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுகிறவளுக்கும் அதில் இடமில்லை. நம் அங்கன்வாடியிலோ இரண்டு வயதாவது ஆனால்தான் விடலாம். ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை?

அதற்குப் பதில் என் வருகைப் பதிவேட்டில் இருந்தது.

1983இல் நான் வேலைக்குச் சேர்ந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளி, சிவகாசிக்குப் பக்கத்து கிராமம். சத்துணவு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், ஒரு வயதுத் தம்பியை ஒக்கலில் வைத்துக்கொண்டே வருவாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். வாசல் ஓரம் உட்காருவாள், அவன் அழுதால் சத்தமில்லாமல் எழுந்து வராண்டாவுக்குப் போவாள். சிலேட்டையும் அங்கேயே எடுத்துப் போய், சன்னல் வழியாகப் பார்த்துக் கணக்கு எழுதுவாள். விடை சரியாக இருக்கும்.

ஒருநாள் தலைமையாசிரியர் வருகிற நேரம், பையன் வகுப்பிலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். எனக்குக் கோபம். "நாளைக்கு இவனை வீட்ல விட்டுட்டு வா" என்றேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் அவள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. இடைநின்றதற்கான காரணத்தை எழுதும் இடத்தில் "வறுமை" என்று எழுதினேன். டீச்சர் என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டியும் பட்டாசும் தடைப் பட்டியலில் இருந்தன. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதிகாலை வேன்களில் பிள்ளைகள் போனது படிப்படியாகக் குறைந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன், அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் நின்ற பெண் எந்தப் பட்டியலிலும் தொழிலாளி இல்லை. கணக்கெடுக்க நாங்கள் வீடு வீடாகப் போனபோதும் "சும்மாதான் இருக்கா" என்றுதான் சொன்னார்கள். நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டோம்.

துணி எனக்குத் திரும்பப் புரிந்தது 2014இல். என் மகளுக்கு எட்டாம் மாதமே பிரசவம், பிள்ளை ஒன்றரைக் கிலோ. ஆஸ்பத்திரியில் நர்ஸ், பிள்ளையை மகளின் வெறும் நெஞ்சில் சாய்த்து, ஒரு துணியால் சுற்றிக் கட்டினார். கங்காரு முறையாம். 1970களின் கடைசியில் கொலம்பியா நாட்டு பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தொடங்கியது. அம்மாவின் சூடே பிள்ளைக்குச் சூடு. குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் இதைத் தொடங்கவேண்டும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. மகள் தூங்கும் நேரம் நானும் கட்டிக்கொண்டேன். இரண்டு கையும் சும்மா இருந்தன. அப்போது அந்தச் சன்னலும் சிலேட்டும்தான் ஞாபகம் வந்தது. ஒரு பழைய சேலையைக் கொண்டுபோய் அவள் முதுகில் தம்பியைக் கட்டிவிட்டிருந்தால் எழுதவாவது இரண்டு கை இருந்திருக்கும். அந்த யோசனைகூட எனக்கு வரவில்லை. கட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்துச் சிரித்த ஊர்தானே நாம்.

அந்தப் பெண்ணை இரண்டு வருஷம் முன்னால் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பட்டாசு ஆலை வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள், விரலெல்லாம் மருந்துச் சாயம். அவளாகவே வந்து "டீச்சர்" என்றாள். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "அவனுக்கென்ன டீச்சர், பாலிடெக்னிக் முடிச்சு திருப்பூர்ல இருக்கான்" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

இதைப் படிக்கிறவர்களில் தம்பி தங்கையைத் தூக்குவதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்ட அக்காமார் இருந்தால், எந்த வகுப்போடு நின்றீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.